வாசனை போய்விட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காகவும், பொதுக்குழுவில் வாக்களிக்கப் போகிறவர்களுக்காகவும் இங்கே தரப்படுகிறது.)



அடுத்த மாதம் நம் கட்டடம் முழுவதற்கும் பெயின்ட் வேலை தொடங்குகிறது. மூன்று கொட்டேஷன்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற முறை கிரில்லுக்கும் கதவுகளுக்கும் பெயின்ட் அடித்தபோது, வேலை செய்தவர்கள் பிரஷ்ஷையும் டின்னையும் தின்னர் விட்டுக் கழுவி, பம்ப் ரூம் அருகில் இருக்கும் மழைநீர் வடிகாலில் ஊற்றினார்கள். தரைத் தளத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு நாள் தலைவலி. மூன்றாம் நாள் வாசனை இல்லை. கேட்டதற்கு, “ஸ்மெல் போயிடுச்சு சார், இனி ஒண்ணும் இல்ல” என்று பதில் வந்தது.

அந்தப் பதில் சரியா? வாசனை போனால் விஷமும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? எளிதில் ஆவியாகும் ரசாயனங்களைப் பரிசோதிக்கும் எல்லா ஆய்வுக்கூடங்களுக்கும் இது பழைய தலைவலி. நான் வேலை பார்த்தது அப்படிப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்தில்தான். அங்கே இந்தக் கேள்விக்கு எப்படி விடை தேடுகிறோம் என்று சொல்கிறேன். கொட்டேஷன் விஷயத்துக்கு அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு ரசாயனம் தண்ணீரில் கலந்தால் அங்கே வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும் என்று பார்க்க, உலகம் முழுவதும் பயன்படுத்தும் உயிர் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் டாப்னியா. தமிழில் நீர்த் தெள்ளு என்கிறார்கள். தெள்ளுப் பூச்சி போலத் துள்ளித் துள்ளி நீந்துவதால் அந்தப் பெயர். உண்மையில் அது பூச்சி இல்லை. இறால், நண்டு வகையைச் சேர்ந்தது. பிறந்த குஞ்சு ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். நன்றாக வளர்ந்த பெரிய இனம் ஐந்து மில்லிமீட்டர் வரை வரும். உடம்பு கண்ணாடி மாதிரி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதயம் துடிப்பது தெரியும்.

இதன் உறவினர்கள் நம் ஊர்க் குட்டைகளிலும் ஏரிகளிலும் இருக்கிறார்கள். வண்ண மீன் வளர்ப்பவர்கள் குஞ்சு மீனுக்குப் போட வாங்கும் ‘மொய்னா’ அந்தக் குடும்பம்தான். ஒரு குட்டையில் இவை செய்யும் வேலை பெரிது. பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைக்கின்றன. குஞ்சு மீன்களுக்குத் தாங்களே உணவாகின்றன. இவை இல்லாமல் போனால் கீழே பாசி பெருகும், மேலே மீனுக்குச் சாப்பாடு குறையும். அதனால்தான் குட்டையின் உடல்நிலையைக் கேட்க வேண்டுமானால் முதலில் இவற்றைக் கேட்கிறோம்.

இன்னொரு வசதியும் உண்டு. நல்ல சூழ்நிலையில் தாய் டாப்னியா ஆண் துணை இல்லாமலே குட்டி போடும். எல்லாக் குட்டிகளும் தாயின் அச்சு. பரிசோதனைக்கு ஒரே மாதிரியான உயிர்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துவிடும். ஒன்று வலுவானது, ஒன்று நோஞ்சான் என்ற குழப்பம் குறைவு.

பரிசோதனை எளிமையானது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு என்ற பன்னாட்டு அமைப்பு, சுருக்கமாக ஓஇசிடி, இதற்கென்று 202 என்ற எண்ணில் வழிமுறை வைத்திருக்கிறது. 1984-இல் வந்தது, 2004-இல் திருத்தப்பட்டது. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ரசாயனத்தைக் குறைந்தது ஐந்து வெவ்வேறு அளவுகளில் தண்ணீரில் கலக்க வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் 20 குஞ்சுகள். வழக்கமாக ஒரு குவளைக்கு ஐந்து என்று நான்கு குவளைகளில் விடுவோம். ரசாயனமே சேர்க்காத தண்ணீரிலும் அதே போல 20 குஞ்சுகள். வெப்பநிலை 18 முதல் 22 டிகிரிக்குள். ஊத்தங்கரையின் மே மாத வெயிலில் அது ஏசி அறையில்தான் நடக்கும்! உணவு கொடுக்கக் கூடாது. 24 மணி நேரம் கழித்து ஒரு முறை, 48 மணி நேரம் கழித்து ஒரு முறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்ணுவது எப்படி? குவளையை மெதுவாக அசைப்போம். அதன் பிறகு 15 விநாடிக்குள் நீந்தாத குஞ்சு ‘அசைவற்றது’ என்று கணக்கில் சேரும். உயிர் போய்விட்டதா என்று இவ்வளவு சின்ன உடம்பில் உறுதியாகச் சொல்வது கடினம். நீந்த முடியாத டாப்னியா இரை தேட முடியாது, தப்பிக்கவும் முடியாது. குட்டையில் அது செத்ததற்குச் சமம். பாதிக் குஞ்சுகளை அசைவற்றதாக்கும் அளவு எதுவோ, அதுதான் அந்த ரசாயனத்தின் குறுகிய கால நச்சு அளவு. எண் சிறியதாக இருந்தால் விஷம் கடுமையானது என்று பொருள்.

ரசாயனம் சேர்க்காத குவளையில் பத்தில் ஒன்றுக்கு மேல் அசைவற்றுப் போனால் பரிசோதனை முழுவதும் செல்லாது. தண்ணீரே சரியில்லை என்றால் ரசாயனத்தின் மேல் பழி போட முடியாதல்லவா? ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று இல்லாமல் எந்த முடிவையும் நம்பாதீர்கள் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

இதுவரை சொன்னது உப்பு, பூச்சிமருந்து, உலோகம் போன்றவற்றுக்குச் சரியாக வரும். நம் மாவட்டத்துக்கு நன்கு தெரிந்த ஃப்ளூரைடையே எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு இருப்பதால்தானே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் நம் பக்கம் வந்தது? அந்தப் போர்வெல் தண்ணீரை ஒரு வாரம் குடத்தில் திறந்து வைத்தாலும் ஃப்ளூரைடு எங்கேயும் போகாது. கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டும், ஃப்ளூரைடு இன்னும் அடர்த்தியாகும். அது ஓடிப் போகாத விஷம்.

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் வேறு சாதி. இவை தண்ணீரில் தங்காமல் காற்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். இங்கேதான் பரிசோதனை தடுமாறும்.

உங்களில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். குழாய்த் தண்ணீரைப் பிடித்ததும் தொட்டியில் ஊற்றமாட்டீர்கள். ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுவீர்கள். குளோரின் காற்றில் போய்விட வேண்டும் என்பதற்காக. இப்போது ஒருவர் அப்படித் திறந்து வைத்த தண்ணீரில் மீனை விட்டு, “பாருங்கள், குளோரின் மீனை ஒன்றும் செய்யவில்லை” என்று சொன்னால் சிரிப்பீர்கள். மீன் பிழைத்தது குளோரினைத் தாங்கியதால் அல்ல, அங்கே குளோரின் இல்லாததால்.

திறந்த குவளையில் தின்னரைக் கலந்து டாப்னியாவை விட்டு 48 மணி நேரம் காத்திருப்பதும் அதே கதைதான். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி ஆவியாகிவிடும். மீதி நேரம் முழுவதும் குஞ்சுகள் ஏறக்குறைய நல்ல தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும். ஆனால் நோட்டில் நாம் எழுதி வைத்திருப்பது முதலில் போட்ட அளவு. “இவ்வளவு போட்டும் சாகவில்லை, அப்படியானால் பெரிய விஷம் இல்லை” என்று அறிக்கை வந்துவிடும்.

டொலுயின் என்ற கரைப்பானை எடுத்துக்கொள்வோம். மரவேலைக்கும் கிரில் வேலைக்கும் வாங்கும் தின்னர்கள் பலவற்றில் இது இருக்கிறது, பெட்ரோலிலும் இருக்கிறது. இதை நீர்த் தெள்ளுகளில் பரிசோதித்த பழைய ஆய்வுகள் சிலவற்றில் நச்சு அளவு லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. ஆவி தப்பாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீரில் உண்மையில் இருந்ததை அளந்து செய்த பிற்கால ஆய்வுகளில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. செரியோடாப்னியா என்ற சிறிய இனத்தில் 48 மணி நேர அளவு லிட்டருக்கு 3.78 மில்லிகிராம். டொலுயின் அடைத்த டின்னோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் 12-ஆம் பிரிவைப் புரட்டினால் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கும். இனத்துக்கு இனம் தாங்கும் சக்தி மாறும் என்பது உண்மை. ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம், ஒரு இடத்தில் விஷம் குவளையில் இருந்தது, இன்னோர் இடத்தில் அறைக் காற்றுக்குப் போய்விட்டது.

அப்படியானால் சரியாகச் செய்வது எப்படி? நம் பாட்டிமார்கள் கற்பூரத்தை இறுக மூடிய டப்பாவில் வைப்பார்களே, அதே யோசனைதான். குவளைக்குப் பதில் மூடியுள்ள கண்ணாடிக் குடுவை. தண்ணீரை விளிம்பு வரை, மூடியைத் திருகும்போது வழியும் அளவுக்கு நிரப்ப வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழி கூட இருக்கக் கூடாது. கொஞ்சம் வெற்றிடம் விட்டால் போதும், ரசாயனம் அந்த இடத்துக்கு ஏறிக்கொள்ளும். மூடிய குடுவைக்குள்ளேயே ஆவிக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது போல ஆகிவிடும்.

மூடினால் வேறு சிக்கல் வருகிறது. உள்ளே இருக்கும் குஞ்சுகள் மூச்சு விட வேண்டுமே! காற்று புகாத குடுவையில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். இரண்டு நாள் கழித்துக் குஞ்சுகள் அசையாமல் கிடந்தால், அவற்றை மடக்கியது ரசாயனமா, மூச்சுத் திணறலா? அதனால் குடுவையைப் பெரிதாக எடுப்போம், குஞ்சுகளைக் குறைவாக விடுவோம். கடைசியில் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளந்து, லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையவில்லை என்று உறுதி செய்வோம். ரசாயனம் சேர்க்காத குடுவையையும் அதே போல இறுக மூடி வைப்போம். தேவைப்பட்டால் 24 மணி நேரத்தில் புதுக் கரைசல் நிரப்பிய இன்னொரு குடுவைக்குக் குஞ்சுகளை மாற்றுவோம்.

மிக முக்கியமானது அளவிடுதல். தொடக்கத்தில் தண்ணீரில் எவ்வளவு இருந்தது, முடிவில் எவ்வளவு இருந்தது என்று இரண்டையும் கருவியில் அளக்க வேண்டும். முதலில் போட்டதில் 80 சதவீதமாவது கடைசி வரை நின்றிருந்தால் போட்ட அளவையே எழுதலாம். நிற்கவில்லை என்றால் அளந்த எண்களின் பெருக்குச் சராசரியை எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, தொடக்கத்தில் லிட்டருக்கு 10 மில்லிகிராம், முடிவில் 1 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 3.2. பாதிக் குஞ்சுகள் அசைவற்றுப் போனது 10-க்கு அல்ல, 3.2-க்கு. போட்டதை எழுதுவதற்கும் இருந்ததை எழுதுவதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம்.

பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் போன்றவை ஒரே ரசாயனம் அல்ல, பல நூறு சேர்ந்த கலவை. அவற்றைத் தண்ணீரோடு மூடிய பாத்திரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ மெதுவாகக் கலக்கி, தெளிய விட்டு, அடியில் இருக்கும் தண்ணீரை மட்டும் எடுத்துப் பரிசோதிப்போம். மேலே எண்ணெய்ப் படலம் மிதப்பது எல்லோருக்கும் தெரியும். கீழே தெளிவாகத் தெரியும் தண்ணீரில் என்ன இறங்கியிருக்கிறது என்பதுதான் அந்தப் பரிசோதனையின் கேள்வி.

இந்த வேலைகள் எல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடக்கின்றன என்று நினைக்க வேண்டாம். சென்னைக்கு அருகே படப்பையில் இருக்கும் பன்னாட்டு உயிரித் தொழில்நுட்ப மற்றும் நச்சியல் நிறுவனம் போன்ற இடங்களில் நடக்கின்றன. இத்தகைய ஆய்வுக்கூடங்களைக் கண்காணிக்க மத்திய அரசு 2002-இல் ஓர் ஆணையம் அமைத்தது. 2011 மார்ச் முதல், அந்தச் சான்று பெற்ற இந்திய ஆய்வுக்கூடத்தின் முடிவை ஓஇசிடி நாடுகள் அப்படியே ஏற்றுக்கொள்கின்றன.

சரி, 48 மணி நேரத்தில் சாகவில்லை என்றால் பயமில்லையா? அப்படியும் இல்லை. இது குறுகிய காலப் பரிசோதனை. ஒரு நாள் ஒரு டின் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இது விடை சொல்லும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்தால் என்ன ஆகும், குட்டி போடும் எண்ணிக்கை குறையுமா என்பதற்கு 21 நாள் பரிசோதனை தனியாக இருக்கிறது. குறுகிய கால அறிக்கையைக் காட்டி “பாதுகாப்பானது” என்று யாராவது சொன்னால், “எத்தனை நாளுக்கு?” என்று கேளுங்கள். ஆவியாகும் பொருள் என்றால், “மூடி வைத்துச் செய்தீர்களா? கடைசியில் அளந்தீர்களா?” என்றும் கேளுங்கள்.

இப்போது நம் பகுதிக்கு வருகிறேன். நம்மில் பலர் ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி சிப்காட்களுக்கு வேலைக்குப் போய் வருகிறோம். கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போது தென்பெண்ணையில் நுரை மலை போல எழும்புவதைப் பார்த்திருக்கிறோம். பெங்களூரு பக்கத்திலிருந்து வரும் கழிவுநீரால் எழும் நுரை அது. கண்ணுக்குத் தெரிவதால் ஒவ்வொரு முறையும் செய்தியாகிறது. ஆவியாகும் ரசாயனத்துக்கு நுரையும் இல்லை, நிறமும் இல்லை. வாசனை ஒன்றுதான் அடையாளம். அதுவும் முதலில் ஓடிவிடும்.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலையின் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது நினைவிருக்கும். மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அம்மோனியாவும் ஆவியாகும் பொருள்தான். அன்று எல்லோரும் பேசியது காற்றைப் பற்றி. ஆனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடல் நீரை எடுத்து அளந்தபோது, லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாத அம்மோனியா 49 மில்லிகிராம் இருந்தது. உடனே போய் மாதிரி எடுத்ததால் அந்த எண் கிடைத்தது. சில நாள் தள்ளிப் போயிருந்தால் அலை அதை அழித்திருக்கும்.

சட்டமும் உயிரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள், 1986-இன் பொதுத் தரத்தின்படி, ஆலைக் கழிவுநீரில் தண்ணீரே கலக்காமல் மீனை விட்டால் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன்கள் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் மாதிரி பாதி நிரம்பிய கேனில் வெயிலில் வந்து, ஆய்வுக்கூடத்தில் நான்கு நாள் காற்றூட்டப்பட்டால், ஆவியாகும் பொருள் அதற்குள் விடைபெற்றிருக்கும். மீன் பிழைத்துவிடும். ஆலையின் வாய்க்காலில் மட்டும் அந்த மீன் பிழைத்திருக்காது.

“சரி, எப்படியும் ஆவியாகிப் போகிறதுதானே, ஏன் கவலை?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விடை நம் காலடியில் இருக்கிறது.

2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது நமக்கெல்லாம் தெரியும். நம் குடியிருப்பிலும் வடிகால்கள் எல்லாம் சேகரிப்புக் குழிக்குப் போகின்றன. அந்தக் குழியும் நம் போர்வெல்லும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. ஏரியில் விழுந்த தின்னருக்கு மேலே திறந்த வானம் இருக்கிறது. காற்றும் வெயிலும் அதைக் கொண்டுபோய்விடும், அதற்குள் சில ஆயிரம் நீர்த் தெள்ளுகள் சாகும் என்றாலும். குழி வழியாக மண்ணுக்குள் இறங்கிய தின்னருக்கு வானம் கிடையாது. இறுக மூடிய குடுவையில், விளிம்பு வரை நிரப்பி வைத்தது போல அது அங்கேயே இருக்கும். நிலத்தடி ஒரு பெரிய மூடிய குடுவை. அதிலிருந்துதான் நாம் மோட்டார் போட்டு எடுக்கிறோம்.

இது வெறும் கற்பனை இல்லை. போபாலில் யூனியன் கார்பைடு ஆலை 1984 டிசம்பரோடு நின்றுபோனது. 15 ஆண்டுகள் கழித்து 1999-இல் சுற்றிலும் இருந்த கைப்பம்புத் தண்ணீரைப் பரிசோதித்தபோது கார்பன் டெட்ராகுளோரைடும் குளோரோஃபார்மும் இருந்தன. இரண்டுமே திறந்த கிண்ணத்தில் வைத்தால் விரைவில் ஆவியாகிவிடக் கூடியவை. மண்ணுக்குள் 15 ஆண்டுகள் போகாமல் இருந்தன. 2004-இல் அந்தக் குடியிருப்புகளுக்கு நல்ல குடிநீர் கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. அது பெரிய ஆலை, நம்முடையது சின்னக் குடியிருப்பு. அளவில் ஒப்பிடவே முடியாது. ஆனால் மண்ணுக்குள் நடக்கும் வேலை ஒன்றுதான்.

அளவு சின்னதுதானே என்று விடவும் முடியாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லிட்டர் டொலுயின் சுமார் 870 கிராம். லிட்டருக்கு 3.78 மில்லிகிராம் என்ற அளவுக்கு அது முழுவதும் தண்ணீரில் கரைந்தால், சுமார் 2,30,000 லிட்டர் தண்ணீருக்குக் காணும். நாம் கோடையில் வாங்கும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிக் கணக்கில் 19 லாரி. உண்மையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகும், ஒரு பகுதி மண்ணில் ஒட்டும், முழுக்கவும் கரையாது. ஆனாலும் பிரஷ் கழுவிய கால் லிட்டர் என்பது நாம் நினைப்பது போல ஒன்றுமில்லாத அளவு அல்ல.

மழைநாளில் வடிகால் நிரம்பினால் நம் தண்ணீர் வெளியேயும் போகிறது. குட்டைக்கு, ஏரிக்கு, பாம்பாற்றுக்கு, அங்கிருந்து தென்பெண்ணைக்கு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, வெள்ளம் பேருந்தையும் வேனையும் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட நாளில் பார்க்கிங்கில் திறந்து கிடக்கும் தின்னர் டின்னும், ஜெனரேட்டருக்கு வைத்திருக்கும் டீசல் கேனும் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே, பொதுக்குழு முன் நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை.

முதலாவது, பெயின்ட் வேலைக்கான ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். தின்னர், டர்பன்டைன் எதையும் எந்த வடிகாலிலும் ஊற்றக் கூடாது. பிரஷ் கழுவிய தின்னரை மூடியுள்ள டின்னில் ஊற்றித் தெளிய விட்டால், மேலே தெளிந்ததை மறுபடியும் கழுவப் பயன்படுத்தலாம். அடியில் தங்கும் கசடையும் காலி டின்களையும் வேலை எடுத்தவரே திரும்பக் கொண்டுபோக வேண்டும். இதற்குக் கொஞ்சம் கூடுதல் தொகை கேட்கிறார்கள் என்று செயலாளர் சொன்னார். கொடுக்கலாம் என்பது என் கருத்து. போர்வெல் கெட்டால் சரி செய்ய எந்தக் கொட்டேஷனும் போதாது.

இரண்டாவது, வேலை நடக்கும் நாட்களில் பம்ப் ரூம் அருகே உள்ள வடிகாலின் வாயை மூடி வைக்க வேண்டும்.

மூன்றாவது, வேலைக்கு முன் ஒரு முறை, முடிந்து சில வாரம் கழித்து ஒரு முறை போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும். நாம் வழக்கமாகக் கொடுக்கும் குடிநீர்ப் பரிசோதனை உப்பு, கடினத்தன்மை, ஃப்ளூரைடு, கிருமி எல்லாம் பார்க்கும், தின்னரைத் தேடாது. ஆவியாகும் கரிமச் சேர்மங்களையும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். மாதிரி எடுக்கும் விதமும் முக்கியம். காலி வாட்டர் பாட்டிலில் பாதி பிடித்து ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக் கொண்டுபோனால், பணம் கட்டி வெறும் தண்ணீரைப் பரிசோதித்ததாகிவிடும். ஆய்வுக்கூடம் கொடுக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பியை விளிம்பு வரை நிரப்பி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் மறுபடியும் நிரப்ப வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். குழாயைத் திறந்ததும் பிடிக்காமல், மோட்டாரைச் சில நிமிடம் ஓட விட்டுப் பிடிக்க வேண்டும்.

நான்காவது, கொசுவுக்காகத் தேங்கிய தண்ணீரில் மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். அது கொசுப் புழுவோடு, அந்தப் புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சையும் நீர்ப் பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும். எண்ணெய் ஆவியானதும் முதலில் திரும்பி வந்து முட்டை போடுவது கொசுதான். தட்டான் வர நாளாகும். தேங்கிய தண்ணீரை வடித்துவிடுவதுதான் சுலபம்.

கேள்வி நேரத்தில் வந்த மூன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரில் கரையும் பெயின்ட் என்றால் கவலை இல்லையா என்று கேட்டார்கள். ஆவியாகும் பொருள் அதில் குறைவு. உள்சுவருக்கு அதையே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கெட்டுப் போகாமல் இருக்க அதில் கிருமிக்கொல்லி சேர்க்கிறார்கள், அது நீர் உயிர்களுக்கு ஆகாது. அதன் கழுவு நீரையும் சேகரிப்புக் குழிக்கு விடக் கூடாது.

வீட்டு ஆர்ஓ இதை எடுத்துவிடுமா என்ற கேள்வி. உப்பை நிறுத்துவது போல இந்தச் சின்ன மூலக்கூறுகளை ஆர்ஓ சவ்வு நிறுத்தாது. கூடவே இருக்கும் கரி வடிகட்டி ஓரளவு பிடிக்கும், அதுவும் நிரம்பாத வரைக்கும்தான். கொதிக்க வைத்தால் தண்ணீரை விட்டுப் போகும். போய்ச் சேருவது உங்கள் சமையலறைக் காற்றில்.

கடைசியாக, மீன் கடையில் மொய்னா வாங்கி நம் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாமா என்று ஒரு பள்ளி மாணவி கேட்டாள். பார்க்கலாம் அம்மா, நல்ல யோசனை. ஆனால் வாங்கி வந்த தண்ணீரிலேயே விட்ட மொய்னாவும் ஒரு கிண்ணத்தில் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதனாலேயே சாகும் என்பதையும் மறக்காதே.

வாசனை போனது என்றால் அது நம் மூக்கை விட்டுப் போனது என்று மட்டும்தான் பொருள். எங்கே போனது, போகிற வழியில் என்ன செய்தது என்பதை அளந்து பார்த்தவர்கள்தான் சொல்ல முடியும். நாம் அளக்கும் நிலைக்கே வராமல், டின்னின் மூடியைத் திருகி வைத்துவிட்டால் செலவும் மிச்சம். ஒப்பந்த நிபந்தனை பற்றிய தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வருகிறது. வீட்டுக்கு ஒருவராவது கட்டாயம் வாருங்கள்.